நாலு பேரில் ஒருவர்

‘வந்துடும்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நகரி பஸ் ஸ்டாண்டில் யாராவது, “திருப்பதி பஸ் வருமா?” என்று கேட்டால், நிற்கிறவர்கள் எல்லாரும், “வந்துடும், வர்ற நேரந்தான்” என்பார்கள். அவர் மட்டும், “தெரியாது. நான் வந்து இருவது நிமிஷம் ஆவுது. இன்னும் வரல” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கேட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போவார்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர்கள் ‘சர்வேயர் காரு’ என்பார்கள். எங்கள் நெசவுத் தெருவில் ‘சர்வேயர் சார்’. ஒல்லி. வெயிலில் நின்று நின்று கழுத்து மட்டும் கறுத்துப் போயிருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நமக்கும் அவருக்கும் நடுவே தரையில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்ப்பார். அவர் போய்ச்சேர்ந்து சில வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஊரில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் கோபப்படுவார்கள்.

சிரிக்கிறவர்கள் சொல்வது பாத்ரூம் கதை. ஓய்வு பெற்ற மறு மாசம், வேலை இல்லாமல் சும்மா இருந்த நேரத்தில் தன் வீட்டு மனையையே அளந்து பார்த்திருக்கிறார். பாத்ரூம் சுவர் பக்கத்து வீட்டு மனைக்குள் பதினோரு அங்குலம் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. இவர் கொத்தனாரைக் கூட்டி வந்து சுவரை இடித்துவிட்டார். அடுத்த சுவர் எழும்பும்வரை அவர் மனைவி அதே பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குத்தான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். “ஜனங்க நெலத்த அளந்து சண்ட போடுவாங்க. இந்த மனுசன் அளந்து வூட்ட இடிக்கிறாரு” என்று அந்த அம்மா தெரு முழுக்கச் சொன்னார்.

கோபப்படுகிறவர்கள் சொல்வது கல்யாணக் கதை. ஒரு பெண் வீட்டார் அவரிடம் வந்து, பையன் எப்படி என்று விசாரித்தார்கள். “ரெண்டு தபா குடிச்சிட்டு நின்னத நான் பார்த்துருக்கேன். மத்த நாள்ல எப்படின்னு தெரியாது” என்றார். கல்யாணம் நின்றுபோனது. பையன் வீட்டார் வந்து வாசலில் நின்று கத்தினார்கள். “ரெண்டு தபான்னுதானே சொன்னேன். மூணுன்னு சொல்லலியே” என்றாராம்.

என் கணவர் இறந்து ஒரு வருஷம் கழித்து நான் மார்க்கெட் வீதியில் ஒரு நெட் சென்டரில் வேலைக்குப் போனேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் புத்தி கெட்டுவிடும் என்று அத்தைதான் அனுப்பினார். என் கணவரைப் பெற்றவர். நிலத்து அடங்கல், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட் என்று பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. முதல் வாரம் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். “உனுக்கு இன்னா வயசு, எல்லாம் சரியாப் பூடும்.” “ஸ்பாட்லயே போய்ட்டாராமே. கஷ்டப்படாம போனாரு, அதுவே புண்ணியம்மா.” நான் தலையை ஆட்டிக்கொண்டே பிரிண்ட் எடுப்பேன். அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்பதையும் அத்தை சொன்னால்தான் தெரியும்.

சர்வேயர் சார் ஒரு காகிதத்தைப் பிரதி எடுக்க வந்தார். எந்திரம் சூடாகும்வரை நின்றார்.

“சாப்பிடறியா?” என்றார்.

“சாப்பிடறேன் சார்.”

“தூங்கறியா?”

“இல்ல சார்.”

“ம்” என்றார். பிரதியை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரத்தில் என்னிடம் பொய் சொல்லாமல் போன ஒரே ஆள் அவர்தான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

அந்தக் காகிதம், மலையடிவாரத்தில் உள்ள ஒரு புறம்போக்கு நிலத்தின் பழைய வரைபடம். வேலையில் இருந்த காலத்தில் மறு அளவைக்குப் போனபோது அதில் ஒரு சின்னத் துண்டைப் பார்த்திருக்கிறார். நாலு கட்டில் போடுகிற அளவுதான் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு நம்பர். குறிப்புக் கட்டத்தில் யாரோ பழைய கணக்கப்பிள்ளை தமிழில் எழுதியிருந்தார்: ‘வெள்ளைக்காரர் கல்லறை நாலு. பிற்பாடு எடுக்கப்பட்டது.’ அவ்வளவுதான்.

“இத எதுக்கு சார் தேடறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நம்பர் இருக்குது. நம்பர் இருந்தா ஒரு பேரு இருக்கணும்” என்றார்.

ஊரில் விசாரித்ததில், யுத்தக் காலத்தில் மலையில் ஒரு விமானம் விழுந்ததாகக் கேள்வி என்றார்கள். குண்டு போட வந்தது என்றார் ஒருவர். தங்கம் ஏற்றி வந்தது என்றார் இன்னொருவர். இதெல்லாம் அவருக்கு உதவவில்லை. பிறகு யாரோ கூப்பிட்டு ஒரு மனையை அளக்கப் போனபோது பக்கத்து வீட்டில் கோழிக்கூண்டின் மேல் ஒரு தகடு கிடப்பதைப் பார்த்தார். துருப்பிடிக்காத வெள்ளைத் தகடு. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு வரிசையாக ஆணி அடித்த தழும்பு. விமானத்துத் தகடாக இருக்கலாம் என்று வேலையை அப்படியே விட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போனார்.

அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தாள். விமானம் விழுந்தபோது அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அம்மாவோடு விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். மேகம் மலையை மூடிக்கொண்டிருந்த காலை வேளை. சத்தம் வந்தது, பாறை அதிர்ந்தது, அப்புறம் புகை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் மூன்று பேர் எரிகிற விமானத்துக்குள்ளேயே முடிந்து போயிருந்தார்கள். நாலாவது ஆள் தூரமாக ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்தான். உயிர் இருந்தது. விறகுக்கு வந்த ஒருவர் ஆள் கூப்பிட ஊருக்கு ஓடினார். கிழவியின் அம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானையைச் சுனைத் தண்ணீரில் நனைத்து வாயில் பிழிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“அவன் பேசிக்கினே இருந்தான் நைனா” என்று கிழவி இவரிடம் சொல்லியிருக்கிறாள். “இன்னா பேசனான்னு யாருக்குத் தெரியும். எங்கம்மாவும் பேசிக்கினே இருந்துச்சி. ‘தோ வந்துட்டாங்க சாமி, தோ வந்துட்டாங்க’ன்னு. பொழுது சாயற வரைக்கும் இருந்தான். அப்பால பூட்டான். கட்டில் தூக்கிக்கினு ஆளுங்க வந்து சேரும்போது ஜில்லுனு ஆயிட்டான்.”

இதை இவர் எனக்குச் சொல்லும்போது ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தக் கிழவி பேசியதை அவள் பேசின மாதிரியே சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வந்து என் பக்கத்து மெஷினில் உட்காருவார். அவருக்கு டைப் அடிக்க வராது. இங்கிலீஷ் படிப்பார், எழுத வராது. நான் புத்தூரில் பி.காம். படித்தவள், கடிதம் எழுதுகிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். அவர் தமிழில் சொல்வார், நான் அடிப்பேன். யுத்தத்தில் காணாமல் போன விமானிகளை அவர்களுடைய குடும்பத்தார் தேடுகிற இணையதளங்கள் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உலகம் முழுக்க யார் யாரோ எழுதியிருந்தார்கள். என் பெரியப்பா, என் மாமா, என் அப்பா. பக்கம் பக்கமாக இருந்தது. நான் அதையெல்லாம் படித்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன்.

எட்டு மாசம் தேடி நாலு பெயரையும் கண்டுபிடித்தார். நாலு பேரும் சென்னையில், யுத்தத்தில் இறந்தவர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில், ஒரே வரிசையில் இருந்தார்கள். மலையடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனது அங்கேதான். அவர்களில் ஒருவர், விமானத்தில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். அவருடைய மகள் இங்கிலாந்திலிருந்து இணையதளத்தில் எழுதியிருந்தார். அப்பா இறந்தபோது அந்த அம்மாள் பிறக்கவில்லை. அரசாங்கம் அம்மாவுக்கு அனுப்பின கடிதத்தில், விமான விபத்தில் உயிரிழந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கே, எப்படி என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

“இந்தம்மாவுக்கு எழுதணும்” என்றார் அவர். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மலை, மேகம், பாறை. மூன்று பேர் உடனே இறந்துவிட்டார்கள். ஒருவர் சாயங்காலம்வரை உயிரோடு இருந்தார், அது யார் என்று தெரியாது. ஊர்ப் பெண் ஒருத்தி கூடவே இருந்தாள். அந்தப் பெண்ணின் மகள் இப்போதும் இருக்கிறாள்.

அதற்குள் அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. “அனுப்பிடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதை நெருங்குகிற ஒரு அம்மாளுக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு ஆள் மலையில் கிடந்தான் என்று எதற்கு? அந்த வரிகளை எடுத்துவிட்டேன். எடுத்த இடம் காலியாக இருந்தது. ‘நாலு பேரும் அந்த நொடியிலேயே இறந்துவிட்டார்கள், கஷ்டப்படவில்லை’ என்று அடித்து அனுப்பினேன். தப்பு செய்தோம் என்று தோன்றவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்றும் தோன்றவில்லை. அடுத்த ஆள் சாதிச் சான்றிதழுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். கூடிய சீக்கிரம் நேரில் வருவதாகவும் எழுதினார். இவர் கேட்டபோது, வருகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அந்த அம்மாளுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன், பயணம் தள்ளிப்போனது. இங்கே கிழவி இறந்துபோனாள். கடிதம் போய் ஒன்றரை வருஷம் ஆன பிறகுதான், வருகிற தேதியை எழுதி அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு நான் ஏதோ வேலையாக எழுந்து போன நேரம், அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது விரல் ஒரு இடத்தில் நின்றிருந்தது.

“அந்த நொடியிலேயே செத்துட்டார்னு நீங்க எழுதினதப் படிச்சிட்டு நிம்மதியா இருக்கேன்னு எழுதியிருக்காங்க. நான் அப்படிச் சொன்னேனா?”

“இல்ல சார்.”

“அப்ப யாரு சொன்னது?”

“நான்தான் சார் எழுதினேன்.”

“ஏன்?”

“எனக்கும் அப்படித்தான் சார் சொன்னாங்க” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். “யாரு சொன்னது?”

“எல்லாரும். கொழுந்தனார் வந்து சொன்னாரு. அப்பால எல்லாருமே சொன்னாங்க.”

“பார்த்தாங்களா?”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நேர்ல வர்றாங்க இல்ல, நேர்ல சொல்லிக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதே மாதிரி, “சாப்பிட்டியா?” என்றார்.

அந்த அம்மாள் திருப்பதியில் ஒரு ஓட்டலில் தங்கி, அங்கிருந்து காரில் வந்தார். உயரமானவர். ஊன்றுகோல் வைத்திருந்தார். வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. மலை ஏற முடியாது. அடிவாரத்தில் அந்த நாலு கட்டில் அளவு இடம்வரைக்கும் போனோம். அங்கே வேலிக்காத்தான் முள்ளும் ஒரு உடைந்த எல்லைக் கல்லும்தான் இருந்தன. மேலே எந்தப் பாறை என்று இவர் கையை நீட்டிக் காட்டினார். கை ரொம்ப நேரம் நீட்டியபடி இருந்தது. அந்த அம்மாள் பார்த்து முடிக்கும்வரை அவர் இறக்கவில்லை.

பிறகு சொன்னார். நான் இங்கிலீஷில் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. மரத்தடி, மடி, முந்தானைத் தண்ணீர், பக்கத்திலிருந்து பார்த்த மகள், பொழுது சாய்ந்தது, கட்டில் வந்து சேர்ந்தபோது ஜில்லென்று ஆகிவிட்டது.

அந்த அம்மாள் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, “அந்த நாலாவது ஆள் யார்?” என்றார்.

“தெரியாது. நாலு பேர்ல ஒருத்தர்” என்றார் இவர்.

அந்த அம்மாள் பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். சீருடையில் ஒரு இளைஞன், காது கொஞ்சம் துருத்திக்கொண்டு. “அந்தப் பெண்ணின் மகள் இருக்கிறாரா? அவரிடம் காட்டலாமா?”

கிழவி இறந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. நான் அதைச் சொன்னேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “உங்கள் கடிதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதே” என்றார். “அப்போது அவர் இருந்தாரே. எனக்கு ஏன் சொல்லவில்லை?”

இவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவர் சொன்னார். நான்தான் எழுதவில்லை. அந்த வரியை நானே மாற்றிவிட்டேன்” என்றேன்.

“ஏன்?”

“உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று.”

அந்த அம்மாள் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “நிம்மதியாகத்தான் இருந்தது” என்றார். “ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அவர் தலையை ஒரு பெண் மடியில் வைத்திருந்தாள் என்பதை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லையே.”

அதை நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். என் குரல் யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

அந்த அம்மாள் போட்டோவை இவர் பக்கம் நீட்டினார். “எனக்கு வயதாகிவிட்டது. மறுபடி வர மாட்டேன். அது என் அப்பாதான் என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை” என்றார்.

நான் அவரிடம் தமிழில் கெஞ்சினேன். “சொல்லிடுங்க சார். ஆமான்னு ஒரு வார்த்த. நாலுல ஒண்ணு அவங்க அப்பாவாவும் இருக்கலாம் இல்ல?”

“இருக்கலாம்” என்றார். “இருக்கலாம்னு சொல்லு. அதுக்கு மேல என்கிட்ட இல்ல.” பிறகு அவரே அந்த அம்மாளிடம், உடைந்த இங்கிலீஷில், நாலு விரலை நீட்டி ஒரு விரலைத் தொட்டுக் காட்டி, “ஒன் இன் ஃபோர், மேடம். சாரி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவர் மூன்று விரலை மடக்கவில்லை.

அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கல்மனசு ஆகாது என்று அத்தையிடம் சொன்னேன்.

மூன்று மாசம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து ஒரு நீளக் கடிதம் வந்தது. மற்ற மூன்று பேருடைய குடும்பங்களையும் தேடியிருக்கிறார். ஒருவருடைய தங்கை இன்னும் உயிரோடு இருந்தார், தொண்ணூறு வயது. இன்னொருவருக்கு அண்ணன் மகன். மூன்றாவது குடும்பம் ஆஸ்திரேலியாவில். மூன்று வீட்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்: அந்த மரத்தடியில் இருந்தவர் உங்களுடையவராகவும் இருக்கலாம், ஒரு பெண் கடைசிவரை கூடவே இருந்தாள் என்று. தொண்ணூறு வயதுத் தங்கை அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். ‘அன்றைக்கு நீங்கள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் அதை எனக்கே வைத்துக்கொண்டிருப்பேன்’ என்று முடித்திருந்தார்.

படித்துக் காட்டினேன். “ம்” என்றார் அவர்.

அவர் கிளம்பும்போது நான் கேட்டேன். “சார், என் வீட்டுக்காரர் விஷயம் யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாம்” என்றார். “எங்க ஆச்சி?”

வடமாலப்பேட்டை தாண்டி, மெயின் ரோட்டில். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை அவருக்கு. மத்தியான ஷிப்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தார். லாரி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாலு வருஷம் அந்த இடத்தை பஸ்ஸில் தாண்டும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் முதலில் டீக்கடையில் கேட்டார். டீக்கடைக்காரர் ஆம்புலன்ஸ் வந்ததைச் சொன்னார். ஆம்புலன்ஸில் கூட வந்த ஆள் யார் என்று கேட்டுக் கேட்டு, சாயங்காலம் ரேணிகுண்டாவில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெலுங்குக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். இவர் விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் என்னைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மறக்கவில்லை; வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், அவர் கையில் நடந்த முதல் சாவு அது.

“பிரதிகே உன்னாடம்மா” என்றார். உயிரோடதான் இருந்தார். ஏற்றும்போது இருந்தார், திருப்பதி டவுனுக்குள் நுழையும்வரை இருந்தார். இருபது நிமிஷம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது.

“ஏதாவது பேசினாரா?” என்று இவர் தெலுங்கில் கேட்டார். அந்த ஆளும் தெலுங்கில்தான் சொன்னார்.

“தமிழ்ல சொல்லிக்கினே வந்தாரு சார். எனக்குத் தமிழ் சரியா வராது. ‘சாவு, சாவு’ன்னு சொன்னாரு. தெலுங்குலயும் அதே வார்த்ததான், புரியும் இல்ல? உனக்கு ஒண்ணும் ஆவாது அண்ணா, சாவு கீவுன்னு பேசாதேன்னு நான் தெலுங்குல சொல்லிக்கினே வந்தேன். கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “சாவு இல்ல, ‘சாவி’ங்கற மாதிரிகூட இருந்துச்சி. பாண்ட் பாக்கெட்டத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு” என்றார்.

“சாவா, சாவியா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க” என்றார் இவர்.

“எனக்குத் தெரியல சார். நாலு வருஷம் ஆயிப் போச்சி. சாவின்னு தமிழ்ல ஒரு வார்த்த இருக்குதா?”

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தூர் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

“சாவிதான் சார்.”

“தெரியாதும்மா.”

“அன்னிக்கி நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தேன். அப்ப நாங்க தனிக்குடித்தனம். எங்களுக்கு ஒரே சாவி. பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தேன். மறந்துட்டு எடுத்துக்கினு போய்ட்டாரு. ரெண்டு மணிக்கு வந்து பார்த்தா வூடு பூட்டிக் கெடக்குது. வெயில்ல நின்னுக்கினு அவரத் திட்டிக்கினு இருந்தேன் சார். கொழுந்தனார் வந்து சொல்றப்பகூட திட்டிக்கினுதான் இருந்தேன்.”

அவர் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவி அவருகிட்ட இருந்துச்சின்னு உனுக்கு எப்படித் தெரியும்?”

“ஆஸ்பத்திரியில அவரு சாமானக் குடுத்தாங்க. அதுல இருந்துச்சி. நான்தான் வாங்கினேன்.”

“அப்ப அது தெரிஞ்சது” என்றார். “நீ வெளிய நின்னது தெரிஞ்சது. சாவி அவரு பாக்கெட்ல இருந்தது தெரிஞ்சது. அவரு பாக்கெட்டத் தொட்டத அந்த ஆளு பார்த்துருக்கான். அவரு சொன்ன வார்த்த மட்டும் தெரியாது. மூணு தெரிஞ்சிருக்குது, ஒண்ணு தெரியல” என்றார்.

அந்த மனுஷனுக்கு அதுதான் ஆறுதல் சொல்லத் தெரிந்த விதம் என்று எனக்கு அப்போது புரிந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழாதே என்று அவர் சொல்லவில்லை. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்ன ஆச்சு சார் என்று தெலுங்கில் கேட்டார்.

“இவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்” என்றார் அவரும் தெலுங்கில்.

“அய்யோ. எப்போ?”

“நாலு வருஷம் ஆவுது” என்றார் அவர்.